மூன்று கல் நீங்கலாக

ராஜபாளையத்தில் என்னை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் நான் கேட்ட வரம் அது. எந்த மாதிரி ரைட்டர் என்று விளக்கமாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பழஜூஸ் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து இருபத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். இடையில் இரண்டு நகைச்சுவைப் புத்தகங்களும் எழுதினேன். அவை பிரிக்காத கட்டுகளாக வீட்டுப் பரணில் இருக்கின்றன. "நீங்க எழுதுன கதை ஒண்ணு விக்கல. எழுதுன நெலம் அம்புட்டும் வித்துருச்சு" என்பாள் மனைவி. நகைச்சுவையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நல்லவேளை, எழுதுவதில்லை.

வாசிப்பு ருசி உள்ளவன் பத்திரம் எழுதப் போகக் கூடாது. பழைய பத்திரங்களில் ஒரு வாக்கியம் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில்தான் மூச்சு விடும். அதற்குள் கிணறு வரும், கமலை வரும், பங்காளிச் சண்டை வரும், வேப்பமரத்தில் பாதி வரும். நான் அதையெல்லாம் வெட்டிச் செதுக்கி, நான்கு எல்லையையும் சர்வே நம்பரையும் மட்டும் நிறுத்திச் சிக்கனமாக எழுதுவேன். பத்திரத்தை யாரும் ரசித்துப் படிப்பதில்லை என்று தெரிந்தும் செதுக்கினேன். இன்னொன்று, எங்கள் தொழிலில் யாரும் நிலத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. செட்டியார்பட்டியில் கிடக்கிற புஞ்சையை இங்கே நாற்காலியை விட்டு எழாமலே நாலு பக்கமும் சுற்றி வந்துவிடுவோம்.

அப்படி நான் சுற்றி வந்த ஒரு நிலத்தைப் பற்றித்தான் இது.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு கைமாறியது. வாங்கியவர் எங்கள் ஊர்க்காரர், மில் வைத்திருந்த குடும்பம். பஞ்சைவிட மண் வேகமாக விலை ஏறுகிறது என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் கொண்டுவந்த மூலப்பத்திரம் விற்பவரின் தாத்தா காலத்தது. மடிப்புகளில் எழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு எல்லை சொல்லி முடித்த இடத்தில் இப்படி ஒரு வரி: "இதற்குள் மேல்புறம் ஓடைக்கரையில் பளியர்கள் பூசை செய்து வரும் மூன்று கல்லும், அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து போகும் ஒற்றையடிப் பாதையும் நீங்கலாக."

நீங்கலாக என்றால், அது விற்பனையில் சேராது என்று பொருள். தோப்பு எத்தனை கை மாறினாலும் அந்த மூன்று கல்லும் பாதையும் பளியர்களிடமே இருக்கும். பட்டா இல்லாத மலைச் சனத்துக்கு, பேர் தெரியாத ஏதோ ஒரு பத்திர எழுத்தர் ஒரு சொல்லால் வேலி போட்டு வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, தோப்புக்குள்ள கல்லு ஏதும் கெடக்கா?"

"நான் எங்க பாத்தேன். பாம்பு கெடக்கும்னானுக, ரோட்டுல நின்னே பாத்துட்டு வந்துட்டேன்."

சர்வேக்காரர்கள் வரைந்த புலப்படத்தில் கல் இல்லை. எழுதினால் ஆபீஸில் கேள்வி வரும்: நீங்கலான இடம் எவ்வளவு, அளந்த வரைபடம் எங்கே? அன்றைக்குப் பதிவு நடக்காது. மணி ஒன்றாகப் போகிறது. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் ஒன்றேகாலுக்கு மேல் அயிரை மீன் குழம்பு இருக்காது. அந்த வரியை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி எடுக்கச் சொல்லவில்லை, லஞ்சம் தரவில்லை. எடுத்த பிறகு பத்தி கச்சிதமாக இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமைப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. மீன் குழம்பு கிடைத்தது.

பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால், என் வயது மதிக்கத்தக்க ஒரு பளியர் பெண் மஞ்சள் பையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் அனுப்பினாராம். சட்டம் தெரிந்து, தமிழும் தெரிந்த ஆள் ராஜபாளையத்தில் இருக்கிறார் என்று சொல்லி.

"உக்காருங்கம்மா" என்றேன். அவர் நாற்காலியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒடையாது."

"கயித்துல தொங்கித் தேனெடுக்குற சனம்யா. எதையும் ஆட்டிப் பாத்துத்தான் ஏறுவோம்."

விஷயத்தைச் சொன்னார். மாந்தோப்பை வெட்டிவிட்டார்கள். வெள்ளையடித்த கல் நட்டுத் துண்டு துண்டாக அளந்திருக்கிறார்கள். மண் தள்ளுகிற மெஷின் கிழக்குப் பக்கம் வேலை முடித்து மேற்கே வந்துகொண்டிருக்கிறது. மேற்கே அவர்களுடைய மூன்று கல் இருக்கிறது. தேன் பருவம் தொடங்கும் முன் அங்கே வந்து உத்தரவு கேட்டுவிட்டுத்தான் பாறையில் கயிறு போடுவார்கள்.

"அது மட்டும்னா மலைமேல வேற கல்லப் பாத்துக் கும்புட்டுக்கிருவோம்யா. எங்க வகையில ஒண்ணு இருக்கு. மலைக்குப் போயி ஆளும் வராம, உடம்பும் கெடைக்காமப் போச்சுன்னா, ஓடையில ஒரு கல்லெடுத்து, பேரு சொல்லி, அந்த மூணு கல்லு காலடியில வச்சிருவோம். பேரு சொல்லி வச்சாச்சுன்னா பொறவு அது கல்லு இல்ல, அவுகதான். எம் புருசன் அங்கதான் இருக்காரு. எட்டு வருசமாச்சு. கயிறு அந்து பள்ளத்துல விழுந்தாரு, அன்னைக்கே காட்டாத்துல வெள்ளம்."

"எம்புட்டுப் பெரிய கல்லு?"

"கோழிமுட்டையவிடச் செத்த பெருசு. மெஷின்காரன் கண்ணுக்கு அது ஜல்லிய்யா. அதான் ஓடியாந்தேன்."

அவர் நீட்டிய மனைப்பிரிவு அறிவிப்பின் நகலில் சர்வே நம்பர் இருந்தது. மனிதர்களின் முகம் எனக்கு மறந்துபோகும். சர்வே நம்பர் மறக்காது. தண்ணீர் குடித்தேன். "எழுதிருவோம்மா" என்றேன். அந்த நிலத்துக்குப் பத்திரம் எழுதியவன் நான்தான் என்று சொல்வதற்கு அது பொருத்தமான நேரமாகப் படவில்லை. பிறகும் படவில்லை.

சட்டங்களைப் புரட்டினேன். வன உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பழங்குடிகளின் வழிபாட்டிடங்களையும் மதிக்கிற நல்ல சட்டம். ஆனால் கல் காட்டெல்லைக்கு வெளியே, ஒரு கூப்பிடு தூரத்தில் பட்டா நிலத்தில் உட்கார்ந்திருந்தது. தொன்மைச் சின்னம் என்று போகலாமென்றால், எழுத்து இருக்கிறதா, சிற்பம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருப்பது வெறும் கல். கோவில் என்று போகலாமென்றால் கட்டடம் இல்லை, உண்டியல் இல்லை. உண்டியல் இல்லாத சாமியைச் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மனைப்பிரிவு விதிகளில் ஓடைக்கு இடம் விட வேண்டும், பூங்காவுக்கு இடம் விட வேண்டும், டிரான்ஸ்பார்மருக்குக்கூட இடம் விட வேண்டும் என்றிருக்கிறது. தொலைந்துபோன புருஷனுக்கு எதுவும் இல்லை. அவர்களைக் காப்பாற்றக்கூடிய எழுத்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் எடுத்துவிட்ட வரி.

ஆட்சேபணை மனுவைப் பிரமாதமாக எழுதினேன். ஆதிகுடிகள், நாகரிகத்தின் வேர், சர்வதேசத் தீர்மானங்கள் என்று ஆறு பக்கம். அடுத்த முறை அவர் வந்தபோது உணர்ச்சியோடு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"நல்லாருக்குய்யா. இதுல எங்க கல்லு எங்க இருக்கு?"

"நாலாவது பக்கத்துல வருது."

"அதிகாரி அம்புட்டுத் தூரம் நடப்பாராய்யா? மூணு கல்லு இருக்கு, அதுக்குக் காலடியில எம் புருசன் இருக்காரு, மெஷின் வருதுன்னு மொதல்ல எழுதுங்க. மத்தத பின்னால சேத்துக்கிருங்க."

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல எடிட்டர் அவர்தான். ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தேன். விசாரணைக்கு நாள் குறித்து, அதுவரை மெஷினை நிறுத்திவைக்கச் சொன்னார்கள்.

நிலத்தையும் போய்ப் பார்த்தேன். பஸ்ஸை விட்டிறங்கி அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் புரட்டாசி சனிக்கிழமையில் பார்க்க வேண்டுமென்றால் படியேறி வரிசையில் நிற்க வேண்டும். இந்தச் சாமிக்கு வரிசையும் இல்லை, படியும் இல்லை. முழங்கால் உயரத்தில் மூன்று கல். காலடியில் முப்பது நாற்பது கூழாங்கல் சிதறினாற்போலக் கிடந்தது. அவர் குனிந்து, தேடாமல், நேராக ஒன்றின் மேல் விரல் வைத்தார். "இவுகதான்." அறிமுகம் செய்துவைக்கிறாரோ என்று தோன்றி, நான் பாட்டுக்குக் கும்பிட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்தார். "அவரு யாரையும் கும்பிடுன்னு சொல்ல மாட்டாருய்யா, கூச்ச சுபாவம்."

அடுத்த நாள் மூலப்பத்திரத்துக்கு நகல் கேட்டு மனுப் போட்டேன். வாரம் முடிவதற்குள் கிடைத்தது. ஆபீஸ் முத்திரையோடு, அந்த வரி அப்படியே இருந்தது. விசாரணையில் இதை எடுத்து வைத்தால் போதும். லேஅவுட் ஓடைக்கரையை விட்டுத் தள்ளிப் போகும். கூடவே, மூலப்பத்திரத்தில் இருந்ததை ஏன் விட்டாய் என்று என் உரிமத்தையும் கேட்பார்கள். கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் எனக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அண்ணாச்சி வந்தார். கோபமே இல்லை.

"என்ன ரைட்டரே, பளிச்சிக்கு மனு எழுதிக் குடுத்தீராமே?"

"தொழில் அண்ணாச்சி. யார் வந்தாலும் எழுதணும்."

"எழுதும். நல்லா எழுதும். நான் என்ன சொல்ல வந்தேன்னா, லேஅவுட் பாஸாச்சுன்னா பிளாட்டு பிளாட்டா விக்கணும். அம்புட்டுப் பத்திரமும் ஒம்ம மேசைக்குத்தான் வரணும்னு என் மூத்த பையன்ட்டச் சொல்லிட்டேன்." விளம்பரத் தாளையும் நீட்டினார். கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் பதினைந்து நிமிடம், மலைக்காற்று இலவசம் என்று போட்டிருந்தது. "தமிழ்ல பிழை இருந்தாத் திருத்திக் குடும்." இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில். அதிகாரியின் மேசையில் பால்கோவாப் பெட்டி ஒன்று இருந்தது. அந்த ஊரில் எந்த மேசையிலும் இருக்கும், அது சாட்சியம் ஆகாது. அந்த அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் என் தோல்பையை மடியில் வைத்திருந்தேன். நகல் அதற்குள் இருந்தது.

அதிகாரி மனுவை வாசித்தார். ஒரு பக்கம்தான் என்பதால் முழுதும் வாசித்தார். "அந்த எடம் உங்களுதுன்னு காட்ட எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"எழுத்து எங்ககிட்ட ஏதுய்யா. அதான் எழுதுறவரையே கூட்டிட்டு வந்துருக்கேன்."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி என் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி எல்லை விவரம் இருந்த பக்கத்தைப் படித்தார். "இதுல கல்லு, பாதை எதுவுமே நீங்கலா இல்லியே. முழுசா வித்துருக்காங்க. யாரு எழுதுனது?"

"இந்தா உக்காந்திருக்காரே, அவருதான்" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா இதையும் வேடிக்கை என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ரைட்டர், மூலப்பத்திரத்தப் பாத்துத்தான எழுதுனீங்க? அதுல இந்த மாதிரி ஏதும் இருந்துச்சா?"

பையின் ஜிப் என் விரலுக்கு அடியில் இருந்தது. திறந்தால் போதும். எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைவுகளைப் பட்டியல் போட்டால் எனக்கே அசிங்கம். அவற்றில் ஒன்றில்கூட அந்த முட்டையளவு கல் இல்லை.

"ரொம்ப நாளாச்சு சார். ஞாபகம் இல்ல. கட்சிக்காரங்க குடுத்த விவரப்படி எழுதுனது."

"முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்துட்டோம் சார், சுத்தம்" என்றார் அண்ணாச்சி. மூலப்பத்திரம் முப்பது வருடத்துக்கும் முந்தியது என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

அதிகாரி கெட்டவர் இல்லை. யோசித்து ஒரு வழி சொன்னார். "பூங்காவுக்கு எப்படியும் எடம் விடணும்ல. அந்த மூணு கல்லையும் எடுத்து அங்க வச்சிருங்க. மேடை கட்டி, பெயிண்ட் அடிச்சு நல்லபடியா வைங்க. இவங்களும் வந்து கும்புட்டுக்கிரட்டும்."

"காலடியில இருக்கிறதுய்யா?" என்றார் அந்த அம்மா.

"அதெல்லாம் பாத்து எடுத்து வைப்பாங்கம்மா."

வராந்தாவில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினேன். அவர் பக்கத்தில் வந்தார். "ஞாபகம் இல்லாட்டி என்னய்யா செய்ய. வயசாகுதுல்ல. எங்களுக்காக வெயில்ல அலைஞ்சீக." மஞ்சள் பையிலிருந்து ஒரு தேன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி நக்கிப் பார்த்துவிட்டு, கலப்படம் இல்லாத தேன் என்று சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து என் மனசாட்சி விழித்தது. தேதி சொல்ல முடியும். பிளாட் பத்திரங்களை எல்லாம் அண்ணாச்சி தன் மருமகன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் எழுதக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதற்கு மறுநாள். அநியாயத்தைக் கண்டால் பொங்குகிற சுபாவம் எனக்கு. நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மேல்முறையீடு செய்யலாம், தடை வாங்கலாம் என்று வழியெல்லாம் மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன், நன்றாக வந்தது.

இறங்கிய இடத்தில் மாந்தோப்பும் இல்லை, ஒற்றையடிப் பாதையும் இல்லை. அலங்கார வளைவு வைத்து, உள்ளே ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்கா என்று எழுதியிருந்த மூலையில் மூன்று கல்லும் சிமெண்ட் மேடையில் வரிசையாக நின்றன. ஆரஞ்சு பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த அம்மா அங்கே இல்லை. ரோட்டுக்குக் கொட்டி நிரவியிருந்த மண்ணிலும் கல்லிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் கிளறிக்கொண்டிருந்தார். ஓடைக்கரையை வழித்துத் தள்ளிய மண்ணை வீணாக்காமல் ரோட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். பத்தடி தள்ளி ரோலர் உறுமிக்கொண்டு நின்றது.

"வாங்கய்யா" என்றார், தலை தூக்காமல். "மூணு பெருசையும் சொன்னபடி வச்சிட்டாக. காலடியத்தான் காணோம்."

நான் பக்கத்தில் குனிந்து நகலை எடுத்து வாசித்தேன். ஓடைக்கரை, மூன்று கல், பாதை, நீங்கலாக. அவர் கை நின்றது.

"இதுல எங்களப் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. இத வச்சு இன்னமும் கேஸ் போடலாம்."

"எப்ப வாங்குனீக?"

பொய் சொல்லலாம்தான். தாளிலேயே தேதி முத்திரை இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சொன்னேன். "விசாரணைக்கு முன்னாடி."

"அன்னைக்கி கையில இருந்துச்சா?"

"பையில."

அவர் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "பைய அப்பிடி இறுக்கிப் பிடிச்சிருந்தீகளே, உள்ள துட்டு இருக்கும்னு நெனச்சேன்யா" என்றார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கிளறத் தொடங்கினார்.

ரோலர் டிரைவர் இறங்கி வந்தார். "ஆத்தா, காலையில இருந்து என்னத்தத் தேடுத?"

"எம் புருசன."

டிரைவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்தினார். "நான் டீ குடிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் தேடிக்க. பொறவு ஓட்டியே ஆகணும், சூப்பர்வைசர் ஏசுவாரு."

நானும் உட்கார்ந்தேன். ஒரு கல்லை எடுத்து, "இதா பாருங்க" என்றேன். இல்லை என்றார். இன்னொன்று. இல்லை. மூன்றாவதை எடுத்தபோது, "நீங்க தொடாதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. நான் எழுந்து ஓரமாகப் போய் நின்றேன்.

ஒவ்வொன்றாக எடுப்பார், உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், போடுவார். சிலதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டார். டீ குடித்தவர் திரும்பி வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்திருக்கும்.

"கெடைச்சுதா ஆத்தா?"

"இதுல ஒண்ணா இருக்கலாம். எதுன்னு தெரியல."

"அம்புட்டையும் கொண்டு போ. கல்லுதான, யாரு கேக்கப் போறா."

அவர் மடியை விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு யாருன்னு தெரியாம எப்பிடிக் கூட்டிட்டுப் போக" என்று சொல்லி, எல்லாவற்றையும் கிளறிய இடத்திலேயே கொட்டினார். கையால் தட்டி நிரவியும் விட்டார். எழுந்து சேலையை உதறிக்கொண்டு விலகி நின்றார்.

டிரைவர் ஏறிக் கியர் போட்டார். ரோலர் நகர்ந்தது. எனக்குத் தூசி ஆகாது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.